மதுரையைப் பெரியவர்களோடு பார்ப்பவர்களுக்கு

மீனாட்சி அம்மன் கோயில், நாயக்கர் மகால், தெப்பக்குளம், காந்தி அருங்காட்சியகம் எல்லாவற்றையும் பெற்றோரோடு ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்கிறது நான் படித்த ஒரு பயணக் கட்டுரை. எழுபதைத் தாண்டியவர்களுக்கு அது நிச்சயம் அதிகம். முட்டிவலி உள்ளவர்களுக்குக் கோயில் ஒன்றே அரை நாள் வேலை. சித்திரை வீதிகளில் வண்டி விடமாட்டார்கள், செருப்பையும் வெளியே விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் திறந்தவெளிக் கல்தரையில் கால் வைக்கவே முடியாது. அதனால் விடியற்காலையிலேயே போய்விடுங்கள். தரிசனம் முடிந்ததும் பொற்றாமரைக் குளத்தைச் சுற்றியுள்ள மண்டபத்தில் அவர்களை நிதானமாக உட்கார விடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம் சாப்பாடு, தூக்கம். மகாலை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளலாம். படி ஏற முடியாதவர்களுக்கு முற்றத்தில் நின்று அந்தத் தூண்களைப் பார்ப்பதே போதும்.

மாலையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் காலத்துக் குளம், வண்டி கரை வரைக்கும் போகும், காற்றும் நன்றாக வரும். ராணி மங்கம்மாள் அரண்மனையில் இயங்கும் காந்தி அருங்காட்சியகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். காந்தி சுடப்பட்டபோது அணிந்திருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அந்தத் தலைமுறைக்கு அது வெறும் காட்சிப்பொருள் இல்லை.