பிரச்சினை எதுவும் இல்லையாம்!

வெள்ளிக்கிழமை சமாச்சாரம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆமாம், பில்டை, அதாவது எல்லோருடைய கோடையும் சேர்த்து ஓடவைக்கும் வேலையை, உடைத்தது நான்தான். ஒரு நண்பர் அதன் ஸ்க்ரீன்ஷாட்டில் வட்டம் போட்டு குரூப்பில் போட்டுவிட்டார். டைப்ஸ்கிரிப்ட் என்ற ப்ரோகிராமிங் மொழியில் ஒரு ஃபீல்டுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டேன், அந்த மதிப்பு இல்லாமலும் இருக்கலாம் என்று அர்த்தம். அதை நம்பியிருந்த 11 ஃபைல்கள் விழுந்தன. ஆனால் பார்க்காமல் புஷ் செய்தேன் (டீமின் பொதுக் கோடுக்கு அனுப்பினேன்) என்று மட்டும் சொல்லாதீர்கள். பார்த்தேன். வொர்க்ஸ்பேஸில் எந்தப் பிரச்சினையும் இல்லை என்று நாம் கோடு எழுதும் எடிட்டரான வி.எஸ். கோடில் தவறுகளைப் பட்டியலிடும் ப்ராப்ளம்ஸ் பேனலே எழுதிக் காட்டியது. வொர்க்ஸ்பேஸில், அதாவது ப்ராஜெக்ட் ஃபோல்டர் முழுவதிலும்! திறந்திருந்ததோ இரண்டே ஃபைல்.

டைப்ஸ்கிரிப்டைப் பொறுத்தவரை, நாமாக எதையும் மாற்றாவிட்டால் அது திறந்த ஃபைல்களின் தவறை மட்டும்தான் சொல்லும். மூடிய ஃபைலில் வீடே பற்றி எரிந்தாலும் ஃபைல் பெயர்கள் வரும் எக்ஸ்ப்ளோரரில் அதன் பெயர் சிவக்காது. சிவந்திருக்கும் ஃபைலை மூடிவிட்டால் பட்டியலிலிருந்து அந்தத் தவறே காணாமல் போகும். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

டெர்மினலில் எல்லா ஃபைலையும் சரிபார்க்கும் டிஎஸ்சி நோஎமிட் கட்டளையை ஓட்டியிருக்கலாமே என்பீர்கள். ஓட்டியிருக்கலாம். இப்போது புஷ்ஷுக்கு முன் தானாக ஓடும்படி வைத்துவிட்டேன், திருப்தியா? பெரிய ப்ராஜெக்டில் எல்லாவற்றையும் சரிபார்த்தால் மெஷின் மூச்சு வாங்கும் என்பது இன்னொரு வாதம். வாங்கும்தான். அதற்காகப் பொய் சொல்லலாமா? 'திறந்த ஃபைல்களில் பிரச்சினை இல்லை' என்று எழுத எத்தனை ஜிபி ராம் வேண்டும்? திறக்காத ஃபைலையும் பார்க்கத்தான் செட்டிங் இருக்கிறதே என்று ஒருவர் வருவார். இருக்கிறது ஐயா, ப்ராஜெக்ட் டயக்னாஸ்டிக்ஸ் என்று, 'எக்ஸ்பெரிமென்டல்' பலகையோடு, அணைத்து வைத்தபடி. பைதான் மொழிக்கான பைலான்ஸ் எக்ஸ்டென்ஷனிலும் வொர்க்ஸ்பேஸ் என்று நாமேதான் மாற்ற வேண்டும். ரஸ்ட் மொழிக்காரர்கள் சிரிக்கலாம். சேவ் செய்ததும் அவர்களின் ரஸ்ட் அனலைசர் எக்ஸ்டென்ஷன் கார்கோ செக் என்ற சோதனையை ஓட்டி, திறக்காத ஃபைலின் தவறையும் கொண்டுவந்து போட்டுவிடுகிறது.

நான் வேலைக்குச் சேர்ந்தது எக்லிப்ஸ் எடிட்டர் காலத்தில். ஜாவாவில் ஒரு மெத்தடில் கை வைத்து சேவ் செய்தால் எங்கோ மூலையில் கிடக்கும் கிளாஸில் சிவப்புக் குறி விழும். அங்கிருந்து பேக்கேஜுக்கு ஏறி ப்ராஜெக்ட் பெயர் வரை வந்து நிற்கும். 4 ஜிபி மெஷின்தான். பில்ட் ஓடும்போது டீ குடித்துவிட்டு வரலாம், ஆனாலும் பொய் சொன்னதில்லை. எங்கள் லீட் அக்கா பின்னால் நடந்து போகிறபோதே "தம்பி, மேலே சிவப்பு நிக்குது பாரு" என்பார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

யாரையும் குரூப்பில் போட்டுச் சிரித்தவர் இல்லை அவர்.

வட்டம் போட்டு "கண் டெஸ்ட் பண்ணுங்க" என்று எழுதிய நண்பருக்கு ஒன்று: போன தீபாவளி விடுமுறையில் நீங்கள் இதே மாதிரி உடைத்ததை ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து ஒட்டவைத்தது யார்? அதை எந்த குரூப்பிலாவது போட்டேனா?

எடிட்டரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். விடுங்கள். ஸ்க்ரீன்ஷாட் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, 23 சிரிப்புகளோடு.