முகாம் காலையிலேயே முடிந்துவிட்டதாம்!

பக்கத்து வீட்டு மாட்டின் காதில் புதிதாக மஞ்சள் வில்லை தொங்குவதைப் பார்த்துத்தான் ஊரில் கோமாரித் தடுப்பூசி முகாம் நடந்த சேதியே எனக்குத் தெரிகிறது. "எப்போது போட்டார்கள்?" என்றேன். "இன்று காலையில்தான் அண்ணே, மாரியம்மன் கோயில் திடலில். ஆறரைக்கு வந்தார்கள், எட்டரைக்குக் கிளம்பிவிட்டார்கள். நீங்கள் ஏன் வரவில்லை?" என்கிறார். தெரிந்தால் வந்திருக்க மாட்டேனா? என் வீட்டுக்கும் அந்தத் திடலுக்கும் நடுவே ஒரே ஒரு தெருதான். என் இரண்டு கறவை மாடுகளும் அந்த நேரத்தில் கொட்டகையில் அசைபோட்டுக்கொண்டு நின்றன.

விட்டது விட்டதுதான். மறுநாள் மாடுகளை நான்கு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போனால், ஒரு புட்டியில் பல மாடுகளுக்கான மருந்து இருக்கிறது, திறந்தால் அன்றே போட்டு முடிக்க வேண்டும், இரண்டு மாட்டுக்காகத் திறக்க முடியாது, இன்னும் சில மாடுகள் சேரட்டும் என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். குளிர்ச்சி குறையாமல் பெட்டியில் வைத்துக் கொண்டுவரும் மருந்து அது. 2019 முதல் நாடு முழுக்க நடக்கும் திட்டம், ஆறு மாதத்துக்கு ஒரு சுற்று, பைசா செலவில்லை. எங்கிருந்தோ பனிக்கட்டியில் பொதிந்து எங்கள் ஊர்த் திடல் வரை பத்திரமாக மருந்தைக் கொண்டுவரத் தெரிந்தவர்களுக்கு, அடுத்த தெருவுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பத் தெரியவில்லை. கோமாரி கண்ட மாட்டைப் பார்த்திருக்கிறீர்களா? வாயெல்லாம் கொப்புளம், குளம்பிடுக்கில் புண், எச்சில் நூலாக ஒழுகத் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். பால் வற்றிவிடும். கடன் தவணை வற்றாது.

இத்தனைக்கும் சேதி பரவாத ஊரா இது? விடியற்காலை ஒருவர் கண்ணை மூடினால் அரை மணி நேரத்தில் ஊருக்கே தெரிகிறது. மதியத்துக்குள் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி பஸ் நிறுத்தத்தில் ஒட்டியாகிவிடுகிறது. காதுகுத்துக்குப் பதினைந்து நாள் முன்பே இருபத்தைந்து முகங்களோடு பேனர் நிற்கிறது. கோயில் திருவிழா என்றால் காப்புக் கட்டுவது என்று, பால்குடம் என்று, கிடா வெட்டு எத்தனை மணிக்கு என்று ஐந்து வயதுப் பிள்ளை கூட ஒப்பிக்கிறது. அரசாங்க முகாமுக்கும் பேனர் உண்டு. அதை முகாம் அன்று காலையில், மேசைக்குப் பின்னால், புகைப்படத்தில் விழும்படி கட்டுகிறார்கள்.

வாட்ஸ்அப் குழுவில் போட்டோமே என்பார்கள். ஆமாம், போட்டார்கள். முந்தின இரவு பத்தே முக்காலுக்கு, இரண்டு காலை வணக்க ரோஜாவுக்கும் ஒரு வீட்டுமனை விளம்பரத்துக்கும் இடையில். எங்கள் ஊரில் மாடு வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் பட்டன் போன் வைத்திருக்கும் கிழவிகள். அவர்கள் எந்தக் குழுவில் பார்ப்பார்கள், மகளிர் குழுவிலா?

ஜமாபந்தி இன்னொரு கூத்து. வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு முடியும் முன், மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகத்தில் ஊர்க் கணக்குகளைச் சரிபார்த்து மனு வாங்குவது. பட்டாவில் பெயர் மாற்றக் காத்திருப்பவனுக்கு அதுதான் நல்ல வாய்ப்பு. அறிவிப்புத் தாளில் பெரிய எழுத்தில் 'வருவாய்த் தீர்வாயம்' என்று இருக்கிறது. என் சித்தப்பா அதன் முன்னால் நின்று வெற்றிலை போட்டுவிட்டு, ஏதோ வரி கட்டச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று நடையைக் கட்டிவிட்டார். தமிழ்ப்பெயர் வைத்ததில் குறையில்லை. பக்கத்தில் 'ஜமாபந்தி' என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் மை தீர்ந்துவிடுமா? அதிலும் நாள்வாரியாகக் குறுவட்டத்தின், அதாவது பல ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவின், பெயர்தான் இருக்கும். தன் ஊர் எந்தக் குறுவட்டம் என்று தெரிந்தவர் எங்கள் தெருவில் என்னையும் சேர்த்து மூன்று பேர்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நாள் எல்லாருக்கும் தெரியும், எந்தக் குக்கிராமத்தில் எத்தனை மணிக்கு என்பதுதான் பரம ரகசியம். ஏழு நாள் முன்பே அறிவிக்க வேண்டும் என்பது விதி. எங்கள் ஊரில் அந்த அறிவிப்பை ஊராட்சி அலுவலகத்துக்கு உள்ளே, பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறார்கள். ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திப் பாதி படித்தேன். எங்கள் ஊராட்சிக்குக் குறைந்தது நூறு பேர் வர வேண்டும். அந்தக் கவலையே அவர்களுக்கு இல்லை, நூறு நாள் வேலைக்குப் போனவர்களை வரிசையில் நிறுத்திக் கையெழுத்து வாங்கினால் கணக்கு சரியாகிவிடுகிறது.

முன்பு தண்டோரா போடுவார்கள். 2022 ஆகஸ்டில் அதை நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்கு எழுதினார். சரியான முடிவு. ஒரு சாதியாரின் கழுத்தில் பறையை மாட்டித் தெருத்தெருவாக நடக்கவிட்டு மற்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட வழக்கம் ஒழிந்ததில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. ஆனால் அதே கடிதம், அதற்குப் பதிலாக வண்டியில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லுங்கள் என்றும் சொன்னதே, அந்த வண்டி எங்கே? தேர்தல் வந்தால் மட்டும் நாளைக்கு ஐந்து ஆட்டோ தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வருகிறது. குப்பை வண்டி தினமும் காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு என் வாசலில்தான் நிற்கிறது. பாட்டை அரை நிமிடம் நிறுத்திவிட்டு, நாளை காலை ஆறரைக்குத் திடலில் மாட்டுக்கு ஊசி என்று சொன்னால் போதாதா?

அதுவும் முடியாதென்றால் இன்னொன்று சொல்கிறேன். பால் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு கரும்பலகை இருக்கிறது. காலையிலும் மாலையிலும் மாடு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் தூக்குவாளியோடு அதன் முன்னால் நின்றே ஆக வேண்டும். லிட்டர் விலை எழுதியது போக அதில் கீழே ஒரு முழம் இடம் காலியாகக் கிடக்கிறது. நேற்றுச் சங்கச் செயலாளரிடம் கேட்டேன், "தாராளமாக எழுதுங்கள்" என்றார். அடுத்த முகாம் எப்போது என்று கேட்க ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். பூட்டியிருந்தது. சாக்பீஸ் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.