மல்டிபிளெக்ஸைப் பெற்றெடுத்தது ஆபரேட்டர் அறை

ஒற்றைத் திரை தியேட்டர்கள் ஏன் மூடின என்று பேச்சு வந்தால் டிவி, வீடியோ, மால், ஓடிடி என்று வரிசையாகச் சொல்லிவிடுவோம். எல்லாம் உண்மைதான். ஆனால் ஆபரேட்டர் அறையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பெரிய நிறுவனங்கள் ஒரே கூரைக்குக் கீழே எட்டு, பத்து, பதினெட்டு திரை என்று கட்ட முடிந்ததே அங்கே மாறிய இரண்டு சாமான்களால்தான் என்பது என் கட்சி.

முதலில் பழைய முறை. 35 எம்எம் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 2,000 அடி ரீல் 22 நிமிடத்தில் காலி. இரண்டு மணி நேரப் படத்துக்கு 10,800 அடி, அதாவது ஆறு ரீல். அதனால்தான் இரண்டு புரொஜெக்டர். ஒன்று ஓடும்போதே அடுத்த ரீலை மற்றதில் மாட்டி வைக்க வேண்டும். ரீல் முடியச் சுமார் எட்டு நொடி இருக்கையில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். உடனே அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். கடைசி நொடியில் இரண்டாவது புள்ளி. படத்தையும் ஒலியையும் அந்தப் பக்கம் மாற்ற வேண்டும். கண் அசந்தால் வெள்ளைத் திரை, கீழே கூச்சல். வெளிச்சத்துக்கு, நடுவே மின்பொறி எரியும் இரண்டு கார்பன் குச்சிகள். எரிய எரிய அவை குறையும், இடைவெளி கூடும், படம் மங்கும். ஆள் அங்கேயே நிற்க வேண்டும். இந்த நிலையில் திரையைக் கூட்டினால் சம்பளப் பட்டியலும் கூடவே நீளும்.

1950களில் செனான் பல்பு வந்தது. போட்டுவிட்டால் காட்சி முடியும்வரை தொட வேண்டாம். ஆனால் அணைத்து ஆறிய பிறகும் உள்ளே வாயு அழுத்தத்தில்தான் இருக்கும். மாற்றும்போது முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் கிட்டே போகக்கூடாது. பல்பின் குவார்ட்ஸ் கண்ணாடியில் விரல் எண்ணெய் பட்டால் அந்த இடம் சூட்டில் கெட்டு, பல்பே வெடிக்கலாம்.

அடுத்தது பிளாட்டர். 1960களில் வில்லி பர்த் என்ற ஜெர்மானியர் உருவாக்கியது. மொத்த ரீல்களையும் ஒட்டி ஒரே சுருளாகப் படுக்கைத் தட்டில் வைத்துவிடலாம். ஃபிலிம் சுருளின் நடுவிலிருந்து கிளம்பி, புரொஜெக்டருக்குள் போய், இன்னொரு தட்டில் மறுபடி உள்ளிருந்து வெளியாகச் சுற்றிக்கொள்ளும். ரீவைண்டு கிடையாது, ரீல் மாற்றம் கிடையாது. ஒரே ஆள் வரிசையாகப் பல மெஷின்களை ஓட்டிவிட்டுப் போகலாம்.

வினையும் அங்கேதான். காற்று வறண்டால் நிலைமின்சாரத்தில் ஃபிலிம் அடுக்குகள் ஒட்டிக்கொண்டு, நடுவில் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதியைச் சுற்றி இறுகிவிடும். பார்க்க ஆளில்லை. எங்காவது உராய்ந்தால் படம் முழுக்கக் கோடு. பச்சைக் கோடு என்றால் எமல்ஷன், அதாவது படம் பதிந்த பூச்சு உள்ள பக்கம் கீறல், கறுப்புக் கோடு என்றால் பின்பக்கம். ஆறு ரீல் முறையில் ஒரு ரீலோடு போகிற சேதம் இங்கே 10,800 அடிக்கும் போகும். சங்கிலி நிறுவனங்கள் மிச்சப்படுத்திய சம்பளத்தில் ஒரு பங்கை ரசிகர்கள் இப்படித்தான் கொடுத்தார்கள்.

குறைந்த ஆளில் கூடுதல் திரை என்ற இந்தக் கணக்கு முதலில் புரிந்தவர்களில் ஒருவர் அமெரிக்கத் தியேட்டர் முதலாளி ஸ்டான் டர்வுட். 1963இல் கன்சாஸ் சிட்டியின் ஷாப்பிங் சென்டரில் இரண்டு திரையோடு பார்க்வே ட்வின் திறந்தார். அவருடைய நிறுவனம்தான் பிறகு ஏஎம்சி என்ற பெரிய தியேட்டர் சங்கிலி ஆனது. 1979இல் டொரன்டோ ஈட்டன் சென்டரில் சினிபிளெக்ஸ் 18 திரையோடு வந்தது. ஸ்டுடியோக்கள் தங்கள் தியேட்டர்களை விற்றாக வேண்டும் என்ற நிலையை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1948 தீர்ப்பு ஏற்கெனவே உண்டாக்கியிருந்தது. ஆக, களம் திறந்தே இருந்தது.

முதல் வாரத்தில் வசூலின் பெரும்பங்கு விநியோகஸ்தருக்கு. வாரம் போகப் போகத் தியேட்டரின் பங்கு ஏறும். ஆனால் அதற்குள் கூட்டம் குறைந்துவிடும். பல திரை உள்ளவர் மூன்றாம் வாரம் படத்தைச் சின்ன அரங்குக்குத் தள்ளிவிட்டு, ஏறிய பங்கைச் சாவகாசமாக வாங்குவார். ஒற்றைத் திரைக்காரர் காலி நாற்காலிகளுக்குப் படம் ஓட்டுவார், அல்லது படத்தைத் தூக்குவார்.

டிஜிட்டல் வந்தபோது சின்ன தியேட்டருக்கு விடிவு என்று பேசினார்கள். 2005இல் டிசிஐ, அதாவது ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் கூடி வகுத்த டிஜிட்டல் சினிமா தரநிர்ணயம் வந்தது. படப்பெட்டிக்குப் பதில் ஹார்ட் டிஸ்க். அதைத் திறக்க ஒவ்வொரு சர்வருக்கும் தனி டிஜிட்டல் சாவி, அதுவும் குறித்த தேதி, நேரத்துக்குள் மட்டும். படத்தின் பூட்டைத் திறந்து ஓட்டும் மீடியா பிளாக் என்ற பாகத்தை மாற்றிவிட்டுப் புதுச் சாவி கேட்க மறந்தால் அன்று காட்சி இல்லை. புது மெஷினுக்கு விநியோகஸ்தர்கள் படத்துக்கு இவ்வளவு என்று உதவித்தொகை தந்தார்கள். அது பெரும்பாலும் ரிலீஸான ஆரம்ப வாரங்களிலேயே படம் போடுகிறவர்களுக்குத்தான். நான்காம், ஐந்தாம் வாரத்தில் படம் எடுக்கும் உள்ளூர் தியேட்டருக்கு அதில் தேறியது சொற்பம். பிரிண்ட் போடுவதும் நின்றுபோக, மெஷின் வாங்க வழியில்லாதவர்கள் மூடினார்கள். இதற்கு ரசிகனின் ரசனை மாறிவிட்டது என்று காரணம் சொல்வது அநியாயம்.