அடுப்பு எரிக்கிறவருக்குச் சம்பளம் கொடுப்பது குற்றமா?

ஜப்பானில் புல் கூரை வேய்ந்த மூன்று வீடுகளைக் காக்கும் எங்கள் அமைப்பின் சனிக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். ஆண்டறிக்கையில் ‘ஊழியர் சம்பளம்’ என்ற வரியைப் பார்த்துவிட்டு, "நான் கூரைக்குத்தான் கொடுத்தேன், ஆளுக்கு இல்லை" என்று தான் கொடுத்த நன்கொடையைத் திருப்பிக் கேட்டார் ஒரு பெரியவர். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போதும்.

புல் வேய்ந்த கூரைக்கு மழையைவிட ஈரமும் பூச்சியும்தான் எமன். வீட்டு நடுவே இருக்கும் இரோரி அடுப்பில் தினமும் விறகு எரிந்து, புகை மேலே ஏறினால்தான் புல் காயும், பூச்சி அண்டாது. ஆளில்லாத வீட்டின் கூரை சீக்கிரமே மக்கிவிடும். அப்படியென்றால் அடுப்பு மூட்டுகிறவருக்குக் கொடுப்பது கூரைக்குக் கொடுப்பதுதானே?

எனக்கு அடுப்பு மூட்டக் கற்றுக்கொடுத்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. புகையில் நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க, அவர் சிரித்தபடி ஒரு விறகைத்தான் நகர்த்தினார், புகை நேராக ஏறியது. எண்பது தாண்டியும் ஒரு யென் வாங்காமல் செய்தவர், இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அவர் வேலையை இனி யார் செய்வது? பெரியவர் வருவாரா?

"அந்தக் காலத்தில் யுய் என்று ஊரே கூடி இலவசமாகக் கூரை வேயவில்லையா?" என்பீர்கள். அது இலவசம் இல்லைங்க, கைமாற்று. இன்று உன் கூரைக்கு நான், நாளை என் கூரைக்கு நீ. திருப்பித் தர ஊரில் ஆள் இருந்தது. 2023 கணக்கெடுப்பில் ஜப்பான் முழுக்க ஆளில்லாத வீடுகள் சுமார் 90 லட்சம். யாரிடம் போய் யுய் கேட்பது?

அரசு மானியமா? புல் கூரை வீடுகளுக்குப் பேர்போன, 1995-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஷிராகாவாகோ கிராமத்துக்கு உண்டு. எங்கள் மூன்று வீடுகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. வீண்செலவே கிடையாதா என்றால், ஒரு பிரிண்டர் வாங்கியது தப்புதான். சரி, விடுங்கள். திரும்பவும் சொல்கிறேன், ஆள் இல்லாமல் கூரை இல்லை.

கணக்கை ஒளித்தோமா? 1998-ல் வந்த லாப நோக்கற்ற அமைப்புகள் சட்டப்படி எங்களைப் போன்ற அமைப்புகளின் ஆண்டறிக்கையை யாரும் கேட்டுப் பார்க்கலாம். நாங்கள் கேட்காமலேயே கையில் கொடுத்தோம். அதற்குக் கிடைத்த மரியாதை இது.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது அந்தப் பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார்: "நம் வீட்டைக் காக்க வெளிநாட்டு ஆளுக்குச் சம்பளமாம்." எனக்குப் புரியாது என்று நினைத்துவிட்டார் போல. நான் இங்கே வந்து எட்டு வருஷம் ஆகிறது ஐயா. உங்கள் பேரன் ஒசாகாவில் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் இங்கே பனியைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறப்பது அந்த வெளிநாட்டு ஆள்தான்.

பணத்தை நேற்றே திருப்பி அனுப்பிவிட்டோம். வங்கிக் கட்டணம் எங்கள் செலவு. அடுத்த ஆண்டறிக்கையில் அதுவும் ‘நிர்வாகச் செலவு’ என்றுதான் வரும், வந்து பார்த்துக்கொள்ளட்டும்.