ஆண்டவரிடம் கேட்பதும் ஆண்டவர் பேச்சைக் கேட்பதும்

தமிழில் ‘கேள்’ என்ற ஒரே வினைக்கு மூன்று வேலை இருக்கிறது. உதவி கேட்கிறோம். பாட்டுக் கேட்கிறோம். ‘அம்மா பேச்சைக் கேளு’ என்று பிள்ளையிடம் சொல்கிறோம். வேண்டுவது, செவிகொடுப்பது, கீழ்ப்படிவது மூன்றும் அதற்குள் அடக்கம். உபாகமம் 6:4-இல் ‘இஸ்ரவேலே, கேள்’ என்று வரும் இடத்தில் எபிரெயத்தில் உள்ள ‘ஷெமா’ என்ற சொல்லும் அப்படித்தான். காதில் விழுவதையும் அதன்படி நடப்பதையும் சேர்த்தே சொல்லும். நம் ஜெபத்திலோ முதல் பொருள் மட்டும்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அரைமணி நேரம் விண்ணப்பம், ஆமென், எழுந்துவிடுகிறோம். பிறகு ஒருநாள் வேலையை விடலாமா, இந்தச் சம்பந்தத்துக்குச் சம்மதிக்கலாமா என்று நெருக்கடி வரும்போது, ‘ஆண்டவர் என்கிட்ட மட்டும் பேசவே மாட்டேங்கிறார்’ என்று அழுகிறோம்.

ஆண்டவருடைய சத்தத்தைக் கேட்பது சிலருக்கு மட்டும் கொடுக்கப்பட்ட விசேஷ வரம் என்று நான் நினைக்கவில்லை. அது பழக்கம். முடிவெடுக்க வேண்டிய நாளில் மட்டும் கேட்க உட்காருவதால்தான் அது பெரும்பாலும் நமக்குக் கைகூடுவதில்லை. அன்றைக்கு நமக்குள்ளே ரொம்பச் சத்தமாகப் பேசுவது நம்முடைய ஆசையும் பயமும்தான். எந்தப் பெரிய முடிவும் இல்லாத சாதாரண செவ்வாய்க்கிழமைகளில்தான் காது பழக வேண்டும்.

சாமுவேலை எடுத்துக்கொள்ளுங்கள். 1 சாமுவேல் 3-இல் அவனுக்குச் சத்தம் கேட்காமல் இல்லை. தூக்கத்திலிருந்து எழுந்து ஓடும் அளவுக்குத் தெளிவாகவே கேட்டது. ஆனால் மூன்று தடவையும் தன்னை வளர்த்த ஆசாரியன் ஏலியிடம்தான் ஓடினான். ஏன் என்று 7-ஆம் வசனம் சொல்கிறது: அவன் கர்த்தரை இன்னும் அறியாதிருந்தான். சத்தம் எட்டியது, யாருடையது என்றுதான் தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்துச் சொன்னது, கண் மங்கிப்போன, சொந்தப் பிள்ளைகளையே அடக்க முடியாமல் போன ஒரு கிழவர். பெரியவர் ஒருவரின் குறைகள் நமக்கே தெரிந்திருந்தாலும் அவருடைய துணை வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல இடம் வேதத்தில் இல்லை என்பேன். இன்னொன்றையும் கவனியுங்கள். சாமுவேல் முதன்முதலில் கேட்ட வார்த்தை அவனுடைய எதிர்காலத்தைப் பற்றியது அல்ல. ஏலியின் வீட்டுக்கு வரப்போகும் தண்டனை. விடியுமட்டும் படுத்திருந்து, எழுந்து கதவுகளைத் திறந்துவிட்டு, அதைச் சொல்லப் பயந்தான் (3:15). நமக்கு இனிப்பானது மட்டுமே நாம் ‘கேட்கும்’ வார்த்தைகளாக இருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுவது நல்லது.

சரி, எப்படிப் பழகுவது?

வேதத்தை முதலில் திறங்கள், ஜெபத்தை அதற்கு அப்புறம் வையுங்கள். பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளை ஆதரித்த ஜார்ஜ் முல்லர் 1841-இல் இந்த மாற்றத்தைத்தான் செய்துகொண்டார். அதற்கு முன் பல ஆண்டுகள் எழுந்தவுடன் ஜெபத்தில் உட்கார்ந்து, மனம் அலைந்து அலைந்து கால்மணியோ அரைமணியோ போனபிறகுதான் உண்மையாக ஜெபிக்க ஆரம்பித்ததாக அவரே எழுதியிருக்கிறார். வசனத்தோடு ஆரம்பித்தபோது பேச்சு அங்கிருந்தே தொடங்கியது. இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். செய்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். நாம் முதலில் பேசினால் அந்த நாளின் பேச்சுப்பொருளை நாமே தீர்மானித்துவிடுகிறோம்.

25 நிமிடம் போதும். முதல் மூன்று நிமிடம் சும்மா உட்காருங்கள், மூச்சு அடங்கட்டும். பிறகு ஒரே பகுதி, பத்து வசனத்துக்கு மேல் வேண்டாம். அதை மூன்று தடவை வாசியுங்கள், அதில் ஒரு தடவையாவது வாய்விட்டு. கண் தாவிப்போகும் வார்த்தையில் நாக்கு நின்றுவிடும். முதல் வாசிப்பில் என்ன நடக்கிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டாவதில் எந்த வார்த்தை உங்களை நிறுத்துகிறது என்று கவனியுங்கள். மூன்றாவதில் ‘ஆண்டவரே, இதில் என்னிடம் என்ன சொல்கிறீர்?’ என்று கேளுங்கள். இதற்கு 12 நிமிடம் ஆகும். அப்புறம் ஐந்து நிமிடம் எதுவும் பேசாதீர்கள். மிச்ச ஐந்து நிமிடத்தில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். விண்ணப்பங்களை அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஏறெடுக்கலாம். இந்த வாசிப்பு முறை புதிதல்ல. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற துறவி வாசிப்பு, தியானம், ஜெபம், ஆண்டவருடைய சமுகத்தில் அமர்ந்திருத்தல் என்று நான்கு படிகளாக இதை எழுதிவைத்தார். எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு மாற்கு சுவிசேஷம். 16 அதிகாரம், 678 வசனம். நாளுக்குப் பத்து என்றால் 68 நாளில் முடியும்.

அந்த ஐந்து நிமிட அமைதியில்தான் எல்லாரும் தோற்றுப்போனதாக நினைத்துக்கொள்கிறார்கள். கண்ணை மூடியவுடன் கட்டாத பில், பதில் போடாத மெசேஜ், நேற்று யாரோ சொன்ன வார்த்தை என்று வரிசை கட்டி வரும். அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துக்கொண்டு, ‘பில்’ என்று ஒரு சொல் எழுதிவிட்டு வசனத்துக்குத் திரும்புங்கள். எழுதியது பெரும்பாலும் மறுபடி வந்து தட்டாது. வந்ததையே திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தால் அது கவனச்சிதறல் அல்ல, அதைப் பற்றித்தான் அன்றைக்கு ஆண்டவரோடு பேச வேண்டும். போன் வேறு அறையில் இருக்கட்டும். வேதாகமம் போனிலேயே இருக்கிறது என்பவர்கள் இந்த 25 நிமிடத்துக்காகவாவது அச்சுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் வந்தால் நின்றுகொண்டு வாசியுங்கள். தினமும் தூக்கம் வந்தால் நேரத்தை மாற்றுங்கள். சிலருக்கு அதிகாலை ஒத்துவராது, அதில் பாவம் ஒன்றும் இல்லை.

எழுதிய அந்த ஒரு வரி அன்றைக்கே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். ‘அதிகமாக அன்புகூர வேண்டும்’ என்பது வரி அல்ல. ‘தம்பியிடம் மன்னிப்புக் கேள்’ என்பது வரி. நோட்டின் இடப்பக்கம் தேதியோடு இதை எழுதுங்கள். வலப்பக்கம் காலியாக இருக்கட்டும். மாதக் கடைசியில் செய்தேனா, என்ன ஆயிற்று, அது ஆண்டவருடைய சத்தம்தானா, என் சொந்த எண்ணமா என்று அங்கே எழுதுங்கள். ஆறு மாதத்தில் உங்கள் காது எங்கே சரியாகக் கேட்கிறது, எங்கே வழக்கமாக ஏமாறுகிறது என்பது அந்தப் பக்கத்திலேயே தெரியும். சிலர் கோபத்தில் இருக்கும்போது எழுதியதெல்லாம் தப்பாக இருக்கும். சிலருக்குக் களைப்பில் எழுதியது. சூரைச்செடியின்கீழ் சாக வேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் முதலில் உபதேசம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ‘அமர்ந்த மெல்லிய சத்தம்’ அதற்கப்புறம் நாற்பது நாள் நடந்துபோன பிறகு வந்தது.

இனி சோதித்துப் பார்ப்பது. இங்கேதான் நிறையப் பேர் விழுகிறார்கள்.

‘மனசுல சமாதானம் இருக்கு, அதனால ஆண்டவர் சித்தம்’ என்ற அளவுகோலை நான் நம்புவதில்லை. ஆண்டவர் சொன்ன ஊருக்குப் போகாமல் ஓடிய யோனா, யோப்பாத் துறைமுகத்துக்குப் போனான். தர்ஷீசுக்குப் போகும் கப்பல் தயாராக நின்றது. கையில் கூலி இருந்தது. கதவு திறந்திருந்தது என்று சொல்ல எல்லாம் இருந்தன. கப்பல் புயலில் உடையும் நிலைக்கு வந்தபோதும் அவன் அயர்ந்து தூங்கினான். சமாதானத்துக்கும் குறைவில்லை. கெத்செமனேயில் பிதாவின் சித்தத்துக்கு முழுதாகக் கீழ்ப்படிந்த இயேசுவோ வியாகுலப்பட்டு, இரத்தம் போல வேர்வை சிந்தினார். அந்தச் சமாதான அளவுகோலுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் கொலோசெயர் 3:15-ஐ முழுதாக வாசித்தால், ‘நீங்கள் ஒரே சரீரமாக அழைக்கப்பட்டீர்கள்’ என்றும் வருகிறது. அது முதலாவது சபைக்குள் ஒருவரோடொருவர் கொள்ளும் சமாதானம். சமாதானம் ஒரு சாட்சிதான், ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

வேதத்தை எங்கேயோ திறந்து விரல் வைத்த வசனத்தை எடுத்துக்கொள்வதும் அப்படித்தான். எரேமியா 29:11 எத்தனை பேருக்குத் தனிப்பட்ட வாக்குறுதியாக ஆகியிருக்கிறது! அது பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்குப் போன கடிதம். அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது. அதற்கும் முந்தின இரண்டு வசனங்கள், சீக்கிரம் நல்லது நடக்கும் என்ற தீர்க்கதரிசிகளை நம்பாதே என்கின்றன. அந்த வசனத்தில் நமக்கு ஆறுதல் உண்டு, நிச்சயமாக உண்டு. ஆனால் முன்னும் பின்னும் பத்து வசனம் வாசித்த பிறகு அது வேறு மாதிரியான, ஆழமான ஆறுதலாக இருக்கும்.

எதை உடனே செய்வது, எதற்குக் காத்திருப்பது? எளிய கணக்கு ஒன்று: நான் தப்பாகக் கேட்டிருந்தால் யாருக்கு நஷ்டம்? வியாதியாய் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசு என்று தோன்றினால் சோதிக்காதீர்கள், கூப்பிடுங்கள். தப்பாக இருந்தாலும் ஒருவருக்கு நல்லது நடந்திருக்கும். கல்யாணம், வேலை, பெரிய தொகை, ஊர் மாறுவது, இன்னொருவருடைய வாழ்க்கையைத் தொடும் எதுவானாலும் பொறுங்கள். எரேமியா 42-இல் ஜனங்கள் வழி கேட்டபோது அந்தப் பெரிய தீர்க்கதரிசிக்கே வார்த்தை வந்தது பத்து நாள் கழித்து. அந்த அதிகாரத்தின் சோகம் என்னவென்றால், நன்மையானாலும் தீமையானாலும் கீழ்ப்படிவோம் என்று சொன்னவர்கள் எகிப்துக்குப் போக ஏற்கெனவே மனதை முடிவு பண்ணியிருந்தார்கள். பதில் வேறாக வந்ததும் ‘பொய் சொல்லுகிறாய்’ என்றார்கள். ஆகவே கேட்பதற்கு முன்பே உங்களுக்கு எந்தப் பதில் வேண்டும் என்பதை நேர்மையாக எழுதிவிடுங்கள். அந்தப் பதிலே வந்தால் மட்டும் இன்னொரு வாரம் கூடுதலாகப் பொறுங்கள், உங்களை நன்றாகத் தெரிந்த, உங்களுக்குத் தலையாட்டாத இரண்டு பேரிடம் சொல்லுங்கள்.

அடுத்தவர் காதில் ‘ஆண்டவர் உங்களுக்கு இதைச் சொல்லச் சொன்னார்’ என்று போடுவது பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 1 இராஜாக்கள் 13-இல் யூதாவிலிருந்து வந்த தேவமனுஷன் தனக்கு நேரடியாகச் சொல்லப்பட்டதை விட்டு, ‘தேவதூதன் என்னிடம் சொன்னான்’ என்ற கிழத் தீர்க்கதரிசியின் பொய்யை நம்பிப் போய்ச் செத்தான். பொய் சொல்லாதவர்கூடத் தப்பாகப் பொருள் கொள்ளலாம். அப்போஸ்தலர் 21-இல் அகபு என்ற தீர்க்கதரிசி பவுலின் கச்சையால் தன்னைக் கட்டிக் காட்டிய செய்தி, எருசலேமில் பவுலைக் கட்டுவார்கள் என்பதுதான். ‘ஆகவே போகாதே’ என்பது கூட இருந்தவர்கள் சேர்த்துக்கொண்டது. பவுல் போனார். எனவே ‘எனக்கு இப்படித் தோன்றுகிறது, நீங்களும் ஜெபித்துப் பாருங்கள்’ என்பதோடு நிறுத்துங்கள். ‘ஆண்டவர் உங்களைத்தான் எனக்குக் காட்டினார்’ என்று ஒரு பெண்ணிடம் சொல்வது அவள் வேண்டாம் என்று சொல்லும் உரிமையைப் பறிப்பது. காணிக்கைக்காக இப்படிச் சொல்பவர்களிடமும் யோசிக்க நேரம் கேளுங்கள். ஆண்டவர் சொன்னதென்றால் ஒரு வாரத்தில் காலாவதி ஆகாது.

உணர்த்துதலும் குற்றஞ்சாட்டுதலும் வெவ்வேறு. ஆவியானவர் உணர்த்தும்போது ஒரு காரியம் தெளிவாக இருக்கும்: நேற்று இந்தப் பொய் சொன்னாய், போய்ச் சரிசெய். குற்றஞ்சாட்டும் குரல் எப்போதும் பொதுப்படையாக, ‘நீ எதற்கும் லாயக்கில்லை’ என்று சொல்லும், வெளியே போக வழி காட்டாது. 2 கொரிந்தியர் 7:10 மனந்திரும்பவைக்கும் துக்கத்தையும் மரணத்துக்குக் கொண்டுபோகும் துக்கத்தையும் இப்படிப் பிரித்தே வைக்கிறது. ஒருவருக்குத் தூக்கமே இல்லாமல், தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்லும் குரல்கள் விடாமல் கேட்டால் அவரை உபவாசத்தில் தனியாக உட்காரவைக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப்போங்கள், ஜெபித்துக்கொண்டே அழைத்துப்போங்கள்.

மாதக்கணக்கில் எதுவுமே கேட்காத காலமும் வரும். ஆதியாகமம் 16-இன் கடைசி வசனத்தில் ஆபிரகாமுக்கு 86 வயது, அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தில் 99. இடையில் 13 ஆண்டுகளுக்கு ஒரு வார்த்தைகூடப் பதிவாகவில்லை. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, அதையும் ஜெபமாகத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் புதிய அடையாளம் தேடி அலைய வேண்டாம். 25 நிமிடத்தை மட்டும் விடாதீர்கள். நோட்டைப் பின்னோக்கிப் புரட்டி, வலப்பக்கம் காலியாகக் கிடக்கும் கடைசி வரியைத் தேடுங்கள். தேதி நான்கு மாதத்துக்கு முந்தினதாக இருக்கலாம். ‘தம்பியிடம் மன்னிப்புக் கேள்’ என்று உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.