செவ்வாய்க்கிழமை மயக்கம்

ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பெண்பிள்ளை அடிக்கடி மயங்கி விழுவாள். பிரேயரில் ஒரு நாள், இரண்டாவது பீரியடில் ஒரு நாள். திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்யாணமாகிக் குழந்தை இருக்கிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தசோகை கொஞ்சம் உண்டு, ஆனால் விழுகிற அளவுக்கு இல்லை என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தோம். சாப்பிடாமல் வருகிறாளோ என்று நான் காலையில் இட்லி வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். அவள் அம்மா, "காத்துக் கருப்பு அடிச்சிருக்கு டீச்சர்" என்று சொல்லி மந்திரித்துக் கயிறு கட்டி அனுப்பினார். பையன்கள் அவளுக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

அந்த வருஷம் திருச்சிக் கல்லூரி ஒன்றில் சமூகப் பணி முதுகலை படிக்கும் பெண் ஒருவர் களப்பணிக்காக முப்பது நாள் எங்கள் பள்ளிக்கு வந்தார். லைப்ரரி அறையில் அவருக்கு ஒரு மேசை போட்டுக் கொடுத்தார் ஹெச்.எம். நாலாம் நாள் அவர் என்னிடம் வந்து, உடம்பு முடியாமல் வீட்டுக்கு அனுப்பும் பிள்ளைகளின் பெயரை எழுதி வைக்கிற நோட்டைக் கேட்டார். மத்தியானம் திரும்பி வந்து, "மேடம், இந்தப் பொண்ணு விழுந்ததெல்லாம் செவ்வாய்க்கிழமை" என்றார்.

ஏழு தடவை. ஏழும் செவ்வாய். அந்த ஏழையும் நோட்டில் எழுதியது நான்தான்.

செவ்வாய் காலை, பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்குகிற குழுக் கடனை வசூலிக்க ஆள் வருகிற நாள். டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்பா திருப்பூருக்குப் போய் எட்டு மாதமாகப் பணம் அனுப்பவில்லை. அம்மா கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வார். இந்தப் பிள்ளைதான் வாசலில் நின்று, "அம்மா வேலைக்குப் போயிருக்காங்க" என்று சொல்ல வேண்டும். வசூலுக்கு வந்தவர் நம்பாமல் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவார். பதின்மூன்று வயதுப் பெண், யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, தெரு முழுக்கப் பார்க்க, அந்த ஆள் எழுந்து போகும் வரை வாசலில் நிற்பாள். அப்புறம் பள்ளிக்கு ஓடி வருவாள்.

அந்தக் களப்பணி மாணவி பெரிய வைத்தியம் எதுவும் செய்யவில்லை. ஏழெட்டுத் தடவை அவளோடு உட்கார்ந்து பேசினார். அம்மாவை வரச் சொல்லித் தனியாகப் பேசினார். வசூலைக் குழுத் தலைவி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றும், அங்கே அம்மா மட்டும் போவது என்றும் முடிவானது. கடன் அப்படியேதான் இருந்தது. மயக்கம் நின்றது.

முப்பது நாள் முடிந்து அவர் போய்விட்டார். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை சாப்பாட்டு பெல் அடித்ததும் லைப்ரரி வாசலில் போய் நின்றுகொண்டிருந்தாள். மேசை மட்டும் இருந்தது. "அந்த அக்கா எப்ப டீச்சர் வருவாங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பல வருஷம் கழித்து ஓய்வும் பெற்றுவிட்டேன். இன்றைக்கும் என்னிடம் அதற்குப் பதில் இல்லை. இந்தப் பதிவை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒவ்வோர் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கும் ஒரு முழுநேர மனநல ஆலோசகர் வேண்டும். நிரந்தரப் பணியிடமாக, மாநில அரசின் சொந்தப் பணத்தில் வேண்டும்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். நானும் அந்தப் பயிற்சிக்குப் போனவள். மூன்று நாள். நல்ல பயிற்சிதான். பிள்ளை பேசும்போது குறுக்கே பேசாதே, உடனே புத்தி சொல்லாதே என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஆனால் நான் கணக்கு டீச்சர். காலாண்டுத் தேர்வில் அவளுக்கு 22 மார்க் போட்டவள் நான். வீட்டுப்பாடம் செய்யாததற்கு எழுந்து நிற்கச் சொன்னவளும் நான். அப்பா குடித்துவிட்டு அடிக்கிறார் என்பதையோ, சித்தப்பா கையைப் பிடிக்கிறார் என்பதையோ எந்தப் பிள்ளை என்னிடம் வந்து சொல்லும்? சொல்ல வந்தாலும் எந்த நேரத்தில்? வாரத்துக்கு இருபத்தெட்டுப் பீரியட், எமிஸ் என்கிற இணையதளத்தில் பள்ளி விவரப் பதிவேற்றம், விலையில்லாப் பொருள் கணக்கு, தேர்தல் வேலை. ஆசிரியருக்குத் தருகிற பயிற்சி, பிள்ளை துவண்டிருப்பதைக் கண்டுபிடிக்க உதவும். கண்டுபிடித்தபின் யாரிடம் அனுப்புவது என்ற இடம் காலியாகத்தான் இருக்கிறது.

ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளிக் கல்வி உதவி எண் 14417 பள்ளிச் சுவரிலேயே இருக்கிறது, குழந்தைகள் உதவி எண் 1098-ம் இருக்கிறது. "மாணவர் மனசு" என்று பெட்டி வைத்தார்கள். முன்பு நடமாடும் ஆலோசனை மையம் என்று வண்டிகள் வந்தன, ஒரு வண்டிக்குச் சில மாவட்டங்கள் என்ற கணக்கில். 2022-இல் "மனம்" என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஒன்றிய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனை வந்தது. 14416-க்கு யாரும் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். இதைப் படிப்பவர்களில் யாருக்காவது, அல்லது உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு, மனது தாங்காத நிலை இருந்தால் தயவுசெய்து இப்போதே அந்த எண்ணுக்குப் பேசுங்கள். 104-க்கும் பேசலாம்.

ஆனால் போன் அப்பாவின் சட்டைப்பையில் இருக்கும் வீடுகளை யோசித்துப் பாருங்கள். மூன்று பேர் ஒரே அறையில் படுக்கிற வீட்டில் ஒரு பிள்ளை எங்கே போய் நின்று பேசும்? பெட்டியில் சீட்டுப் போட்டால் திறப்பவர் ஹெச்.எம். என்று பிள்ளைகளுக்குத் தெரியும். எங்கள் பெட்டியில் வந்ததெல்லாம் கழிப்பறைத் தண்ணீர், ஓடாத ஃபேன். அதுவும் தேவையான புகார்தான். வண்டியில் வருகிறவர் ஒரு நாள் பொதுவாகப் பேசிவிட்டுப் போவார். என் பிள்ளையின் ஏழு செவ்வாயை வண்டியில் வருகிறவர் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு அங்கேயே, தினமும் இருக்க வேண்டும்.

சுனாமி வந்தபோது நான் நாகை மாவட்டத்தில் ஒரு கடலோரப் பள்ளியில் இருந்தேன். பள்ளி திறந்த முதல் வாரங்களில் எங்கெங்கிருந்தோ மனநலக் குழுக்கள் வந்தன. பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துப் படம் வரையச் சொன்னார்கள். ஒரு பையன் தாள் முழுக்கக் கறுப்பு கிரையானால் தேய்த்துக் கொடுத்தான். அடுத்த தடவை அதில் ஒரு படகு இருந்தது. அதற்கடுத்த தடவை வட்டம் நடக்கவில்லை, குழு கிளம்பிவிட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னை மொத்தமும் சாய்ந்தபோதும் இதே கதைதான். தென்னைக்கு நிவாரணம் கணக்கெடுத்தார்கள். தோப்பைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் வீட்டில் யாரோடும் பேசாத அப்பாக்களை, அந்த வீட்டிலிருந்து வந்த பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஆள் இல்லை. டெல்டாவில் ஏதாவது ஒன்று வருஷா வருஷம் வருகிறது. ஒரு வருஷம் மேட்டூரில் தண்ணீர் இல்லை, ஒரு வருஷம் அறுக்க வேண்டிய சம்பா மழையில் சாய்ந்து முளைத்துப் போகிறது. மேட்டூர் அணை திறக்கிற ஜூன் 12-ஐ எதிர்பார்த்துக் காத்திருக்கிற வீட்டின் பதற்றம் அப்படியே அந்த வாரம் பள்ளிக்கூடம் திறக்கும்போது வகுப்புக்குள்ளும் வந்து உட்கார்கிறது.

மனநோய் என்றால் நம் மக்கள் ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. திருச்சிப் பக்கம் குணசீலம் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். மனம் பேதலித்தவர்களை ஒரு மண்டலம், 48 நாள், கோயிலில் தங்கவைக்கிற வழக்கம் காவிரிக்கரையில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அங்கே அழைத்துப் போவதை யாரும் மறைப்பதில்லை. கோயிலுக்கு எல்லோரும்தான் போகிறார்கள். அதே குடும்பம் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு வாசலில் முக்காடு போட்டுக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடமும் எல்லோரும் போகிற இடம். லைப்ரரி பக்கத்தில் ஓர் அறை, அதில் எப்போதும் ஒருவர், யார் வேண்டுமானாலும் போகலாம் என்றிருந்தால் மூன்றே மாதத்தில் கூச்சம் போய்விடும். எங்கள் பள்ளியில் இரண்டே வாரத்தில் போனது. கடைசி வாரத்தில் அந்த அறை முன்னால் பையன்கள் வரிசையில் நின்றதை நான் பார்த்தேன். பெண்பிள்ளைகளைவிட அவர்கள்தான் அதிகம் அழுதார்கள் என்று அந்தக் களப்பணி மாணவி சொல்லிவிட்டுப் போனார்.

எத்தனை பிள்ளைகளுக்கு இது தேவைப்படும்? பெங்களூரு மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு 13 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னது. ஆய்வு நடந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 400 பிள்ளைகள் இருக்கிற பள்ளியில் அது 29 பேர். கொரோனாவுக்கு முந்தைய கணக்கு இது. வெறுமனே யாராவது காதுகொடுத்துக் கேட்டால் போதும் என்கிற நிலையில் இருக்கும் என் மாணவி மாதிரியானவர்கள் இந்த 29-க்குள் வர மாட்டார்கள், அவர்கள் தனி. 2019-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வின்படி இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75 தான். மாவட்ட மனநலத் திட்டம் நம் திருச்சிக்கு 1990-களிலேயே வந்துவிட்டது, இப்போது எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. ஆனால் ஒரு மாவட்டத்துக்கு ஒரு குழு. அந்த ஒரு குழுவே பள்ளிகளையும் பார்த்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பள்ளி ஆலோசகர் இருந்தால், சிக்கல் முற்றிய பிள்ளைகளை மட்டும் அவர்களிடம் அனுப்பலாம்.

சட்டமும் நம் பக்கம் வந்துவிட்டது. விசாகப்பட்டினத்தில் நீட்டுக்குப் படித்த ஒரு மாணவி இறந்த வழக்கில் 2025 ஜூலை 25-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிமுறைகளை வகுத்தது. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு. 100 அல்லது அதற்கு மேல் மாணவர் இருக்கிற எல்லாக் கல்வி நிறுவனத்திலும் தகுதிபெற்ற ஓர் ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும். அதற்குக் குறைவான இடங்கள் வெளியில் உள்ள நிபுணர்களோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். சட்டம் இயற்றும் வரை இதுவே கட்டுப்படுத்தும் என்றும் சொல்லிவிட்டார்கள். தனியார் பள்ளி மட்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. இதற்கு முந்தைய ஆண்டே, சாதி மோதல்களை ஒட்டி அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளி நல அலுவலர் என்ற புதுப் பதவியையே பரிந்துரைத்திருந்தது.

சரி, பணம். கணக்கு டீச்சரிடம் விடுங்கள், போட்டுப் பார்க்கிறேன். அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் மாநிலம் முழுக்க 6,000-க்கு மேல். 6,200 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 40,000 ரூபாய் சம்பளம். வருஷத்துக்கு ஏறத்தாழ 298 கோடி. 2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி. நூறு ரூபாயில் 65 காசுகூட ஆகவில்லை. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டத்தைத் திருக்குவளைப் பள்ளியில் தொடங்கி மாநிலம் முழுக்கக் கொண்டுபோனது மாநில அரசு. பசியோடு இருக்கிற பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று ஒத்துக்கொண்டு பணம் ஒதுக்கினார்கள். பயத்தோடு இருக்கிற பிள்ளைக்கும் ஏறாது.

ஒன்றிய அரசு பங்கு தருகிற திட்டப் பணத்தில் போடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2012-இல் ஓவியம், தையல், உடற்கல்விக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். பத்து வருஷத்துக்கு மேலாக அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடுகிறார்கள். என்னோடு வேலை பார்த்த ஓவிய ஆசிரியர் மே மாதம் சம்பளம் இல்லாமல் கல்யாண மண்டபத்தில் அலங்கார வேலைக்குப் போவார். 2024-25-இல் ஒன்றிய அரசு சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதி 2,152 கோடியை நிறுத்திவைத்தபோது, யார் சம்பளம் நிற்குமோ என்று இவர்களும் சிறப்புப் பயிற்றுநர்களும்தான் முதலில் கலங்கினார்கள். ஒன்றிய அரசு அதைச் செய்தது அநியாயம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதே நேரம், பிள்ளைகள் மனதைத் திறந்து பேசுகிற ஒருவரை அப்படிப்பட்ட பணத்தில் உட்காரவைக்க முடியாது. பாதி வருஷத்தில் ஆலோசகர் மாறினால், பிள்ளை இரண்டாவது தடவை வாயைத் திறக்காது. லைப்ரரி வாசலில் நின்ற பெண் அதற்கப்புறம் யாரிடமும் பேசவில்லை. என்னிடமும் பேசவில்லை.

ஆள் கிடைப்பார்களா என்றால், கிடைப்பார்கள். நம் கல்லூரிகளில் உளவியலும் சமூகப் பணியும் படித்துவிட்டு வேலைக்குச் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போகிற டெல்டாப் பெண்கள் எத்தனையோ பேரை எனக்கே தெரியும். அரசு வேலை என்றால் ஊரிலேயே இருப்பார்கள். குழுக் கடன் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் வேலைக்கு எடுத்தபின் அவர்களைப் பதிலி வகுப்புக்கு அனுப்பக் கூடாது, எமிஸ் கொடுக்கக் கூடாது. பிள்ளை சொன்னதை ஹெச்.எம்.மிடம் ஒப்பிக்கச் சொல்லக் கூடாது. பாலியல் தொல்லை என்றால் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும், அதையும் முதல் நாளே பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும். சின்னப் பள்ளிகளுக்குக் குறுவள மைய அளவில், அதாவது பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றுக்குச் சேர்த்து ஒருவர், வாரத்தில் ஒரே கிழமை ஒரே பள்ளி என்று பிரித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு என்றால் பி.டி. பீரியடையும் நான் வாங்கிக் கணக்கு எடுத்திருக்கிறேன், பல வருஷம். அது தவறு. பிள்ளைகள் ஓடி ஆடி மூச்சுவிட்ட ஒரே நேரம் அது.

இப்போது எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் கல்வியாளர் என்ற இடத்தில் என்னைப் போட்டிருக்கிறார்கள். போன கூட்டத்தில் ஆலோசகர் பணியிடம் கேட்டு ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த கிராம சபையிலும் வைக்கப் போகிறேன். உங்கள் ஊரிலும் வைக்க விரும்பினால் கேளுங்கள், தீர்மான வாசகத்தை அனுப்புகிறேன். மேலாண்மைக் குழுத் தலைவி நடவு வேலைக்குப் போகிறவர், இரண்டு பிள்ளைகளின் அம்மா. நான் வாசித்து முடித்ததும் அவர் ஒன்றுதான் கேட்டார்.

"அவங்க தெனமும் வருவாங்களா டீச்சர்?"

தினமும் என்றுதான் எழுதியிருக்கிறேன் என்றேன். கையெழுத்துப் போட்டார்.