நிரம்பாத பேட்டரி

நம் ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்றுதான் பொருள். ஆஸ்திரேலியாவில் அது காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடு. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், சில வண்டிகளில் கழிப்பறைகூட அதற்குள் அடங்கிவிடும். 2017இல் நாங்கள் மெல்பர்னில் அப்படியொரு பழைய கேரவனை வாங்கினோம். போன மாதம் தானும் ஒன்றை வாங்கியிருக்கும் நண்பர் தொலைபேசியில், "அண்ணா, லித்தியம் மாத்திடட்டுமா, இருக்கிற ஏஜிஎம்மே போதுமா?" என்று கேட்டார். வண்டிக்குள் விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் மின்சாரம் தரும் பேட்டரியில் எந்த வகை வேண்டும் என்பதுதான் கேள்வி. அன்று நான் சொன்ன பதில் எனக்கே அரைகுறையாகத் தோன்றியதால், யோசித்து இங்கே எழுதுகிறேன்.

என் பதில் திருச்சியிலிருந்து தொடங்குகிறது. 2012ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தில் எங்கள் வீட்டில் ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. இன்வெர்ட்டருக்கு 150 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி வாங்கி வைத்திருந்தோம். அப்பா அதைக் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டார். தவறாமல் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார், முனையில் பூத்திருக்கும் பச்சையை வெந்நீரால் துடைத்து வாசலின் தடவுவார். அப்படியிருந்தும் ஐந்து வருடம் வரும் என்று சொல்லி விற்ற பேட்டரி இரண்டே வருடத்தில் படுத்துவிட்டது. பார்க்க வந்த மெக்கானிக், "சார், நீங்க அதிகமா இழுத்ததால போகலை. இது ஒரு நாள்கூட ஃபுல் ஆகவே இல்ல, அதான்" என்றார். சாக்குச் சொல்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். பிற்பாடு கேரவனில் அதே பாடத்தை இரண்டாம் முறை காசு கொடுத்துக் கற்றபோதுதான் அவர் சொன்னது முழு உண்மை என்று விளங்கியது.

ஏஜிஎம் என்பதும் அந்த ஈய அமில பேட்டரியின் வாரிசுதான். 1859இல் பிரான்சில் கஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய அதே வேதியியல்தான் அதற்குள்ளும் நடக்கிறது. அமிலம் திரவமாகத் தளும்பாமல் கண்ணாடி இழை விரிப்பில் ஊறியிருப்பதால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, சாய்ந்தாலும் சிந்துவதில்லை என்பது மட்டும் வசதி. மின்சாரத்தை எடுக்கும்போது தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது, சார்ஜ் செய்யும்போது அது கரைந்து திரும்புகிறது. முழுமையாகத் திரும்பாமல் நாள்கணக்கில் கிடந்தால் அந்தப் படிவு கெட்டிப்பட்டுப் படிகமாகி, பிறகு எந்தச் சார்ஜராலும் கரைக்க முடியாத நிலைக்குப் போய்விடும். எண்பது விழுக்காடு வரை ஓரளவு வேகமாக ஏறுகிற பேட்டரி, அதன்பிறகு தன் விருப்பப்படிதான் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும்; சார்ஜர் 14.4 வோல்ட்டுக்கு மேல் நிறுத்திக் காத்திருக்க, உள்ளே போகும் ஆம்பியர் குறைந்துகொண்டே வந்து, கடைசி ஐந்தில் ஒரு பங்கு நிரம்ப நான்கைந்து மணி நேரமாவது ஆகும். எவ்வளவு பெரிய சார்ஜரை வாங்கி மாட்டினாலும் அந்தக் கடைசிப் பகுதியை அவசரப்படுத்த முடியாது.

கேரவனை எங்களுக்கு விற்ற கடைக்காரர் அதில் "ஆஃப்-கிரிட் பேக்கேஜ்", அதாவது வெளி மின் இணைப்பில்லாமல் தங்குவதற்கான ஏற்பாடு, இருப்பதாகப் பெருமையாகச் சொன்னார். திறந்து பார்த்தால் 100 ஏஎச் ஏஜிஎம் ஒன்றும் கூரையில் 160 வாட் சோலார் பேனல் ஒன்றும் இருந்தன. அதோடு நான் செய்த பிழை, கேஸ் சிலிண்டரில் ஓடிய பழைய ஃபிரிட்ஜைக் கழற்றிவிட்டு 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜை வைத்தது. அடுத்த ஜூன் மாதம், அதாவது இங்கே நடுக்குளிர்காலத்தில், கிராம்பியன்ஸ் மலைப் பக்கம் மின் இணைப்பில்லாத முகாமில் மூன்று இரவு தங்கப் போனோம்.

கணக்கைச் சொல்கிறேன். குளிர்காலம் என்பதால் ஃபிரிட்ஜுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 ஏஎச். இரவு முழுவதும் ஓடும் டீசல் ஹீட்டரின் விசிறிக்கும் பற்றவைப்புக்குமாக 12. விளக்கு, தண்ணீர் பம்பு, கைப்பேசிகள் எல்லாம் சேர்த்து இன்னொரு 12. ஆக 54. அந்தப் பருவத்தில் எங்கள் விக்டோரியா மாநிலத்தில் தட்டையாகக் கிடக்கும் 160 வாட் பேனலிலிருந்து நாள் முழுவதும் 20 ஏஎச் கிடைத்தாலே அதிகம். ஏஜிஎம்மைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் 100 என்று எழுதியிருந்தாலும் கையில் இருப்பது 50தான். முதல் நாளே பாதியை நெருங்கிவிட்டோம். இரண்டாம் நாள் மாலை, ஊரிலிருந்து கொண்டுவந்த ரைஸ் குக்கரை இன்வெர்ட்டரில் மாட்டினேன்.

600 வாட் குக்கர் என்றால் 12 வோல்ட் பக்கத்தில் ஐம்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஏஜிஎம்மின் மேல் எழுதியிருக்கும் ஏஎச் கணக்கு, இருபது மணி நேரம் மெதுவாக, ஐந்து ஐந்து ஆம்பியராக எடுத்தால் கிடைப்பது. பத்து மடங்கு வேகத்தில் இழுத்தால் கொள்ளளவும் சுருங்கும், வோல்ட்டும் சரியும். ஏழெட்டு நிமிடத்தில் இன்வெர்ட்டர் கீச்சென்று அலறி நின்றுவிட்டது. "என்னங்க, அரிசி பாதி வெந்து நிக்குது" என்று மனைவி சொன்னபோது வெளியே நான்கு டிகிரி குளிர். கேஸ் அடுப்பில் வடித்துச் சாப்பிட்டோம். வடித்த சோறு குக்கர் சோற்றைவிட நன்றாக இருந்தது என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்துவிடுகிறேன்.

அந்தப் பயணத்தில் பேட்டரி சாகவில்லை. வீட்டுக்கு வந்ததும் நிதானமாக முழுச் சார்ஜ் ஏற்றியிருந்தால் பிழைத்திருக்கும். நானோ அலுப்பில் கேரவனை அப்படியே நிறுத்திவிட்டு, கூரைப் பேனல் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டு யூகலிப்டஸ் நிழலில் அது முக்கால் நிரம்பிய நிலையிலேயே இரண்டு மாதம் கிடந்தது. இப்படி நாலைந்து பயணங்கள், நாலைந்து அலட்சியங்கள். மூன்றாம் வருடம் 12.7 வோல்ட் காட்டிக்கொண்டே, ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கியதும் ஒரு மணி நேரத்தில் துவண்டு விழுந்தது. திருச்சி பேட்டரி செத்த அதே சாவு.

2021இல் லித்தியத்துக்கு மாறினேன். கேரவனுக்கு லித்தியம் என்று சொல்லப்படுவது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. 1990களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபின் ஆய்வகத்தில் பிறந்தது. மின் ஸ்கூட்டர் தீப்பிடித்த செய்தியைப் படித்துவிட்டு இதற்குப் பயப்படுகிறவர்கள், அவற்றில் பெரும்பாலும் இருப்பது நிக்கல் கலந்த வேறு வகை என்பதைக் கவனிக்க வேண்டும். இரும்பு பாஸ்பேட் வெப்பத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

லித்தியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது, நூற்றில் எண்பது தொண்ணூறு வரை எடுக்கலாம் என்பது. அது உண்மைதான். அடுத்து எடை: 100 ஏஎச் ஏஜிஎம் முப்பது கிலோ, லித்தியம் பன்னிரண்டு. கேரவனில் நாம் ஏற்றக்கூடிய மொத்தச் சுமையே பல வண்டிகளில் நானூறு கிலோவுக்குள் அடங்குகிறது; இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை நிரப்பினாலே அதில் பாதி போய்விடும் என்றிருக்கும்போது இந்தக் குறைவு சிறியதல்ல. ஆனால் எனக்கு இவை இரண்டுமே இரண்டாம் பட்சம். அரைகுறையாகக் கிடப்பதை லித்தியம் பொருட்படுத்துவதில்லை என்பதுதான் முகாம் வாழ்க்கைக்கு அது செய்யும் பெரிய உதவி. நீண்ட நாள் நிறுத்திவைப்பதாக இருந்தால் பாதியளவில் விடுவதே நல்லது என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். சார்ஜை ஏறக்குறைய கடைசி வரை ஒரே வேகத்தில் வாங்கிக்கொள்கிறது. ஒரு முகாமிலிருந்து அடுத்த முகாமுக்கு இரண்டு மணி நேரம் ஓட்டினால், கார் ஓடும்போது அதன் ஆல்டர்னேட்டரிலிருந்து மின்சாரம் எடுத்துக் கேரவன் பேட்டரிக்கு ஏற்றும் 40 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வழியாக 80 ஏஎச் வரை உள்ளே போய்விடுகிறது. ஏஜிஎம்மில் அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் கடைசிப் பகுதி பாக்கி நிற்கும்.

இருந்தாலும் லித்தியம் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. குடத்தைப் பெரிதாக்கினால் கிணறு ஊறிவிடாது. ஜூன் மாத கிராம்பியன்ஸில் 20 ஏஎச் தந்த பேனல், லித்தியத்துக்கும் அதே இருபதைத்தான் தரும். கூடுதலாகக் கிடைப்பது, ஏஜிஎம்மில் சார்ஜ் ஏற்றும்போது வீணாகும் பதினைந்து இருபது விழுக்காடு இதில் ஐந்துக்குள் நிற்பது மட்டுமே. பேனலைக் கூட்டாமல் பேட்டரியை மட்டும் மாற்றுகிறவர்கள் ஒரு நாளைக் கூடுதலாக வாங்குகிறார்கள், அவ்வளவே.

கடையில் "பழையதை எடுத்துட்டு இதை வெச்சா போதும்" என்று சொல்வதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். எனக்கு பேட்டரிக்கு ஆன செலவில் முக்கால்வாசி அதைச் சுற்றியிருந்தவற்றுக்கும் ஆனது. ஈய பேட்டரிக்கான பழைய சார்ஜர்கள் சிலவற்றில் சல்பேட்டைக் கரைப்பதற்கென்று 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும் கட்டம் ஒன்று இருக்கிறது. லித்தியத்துக்கு அது ஆகாது. இப்போதைய கார்களின் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சப்படுத்த வோல்ட்டைக் குறைத்துக்கொள்வதால், டிசி-டிசி சார்ஜர் இல்லாமல் லித்தியம் ஒழுங்காக நிரம்பாது; பழைய கார்களிலோ லித்தியம் அளவில்லாமல் இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடேற்றும். வோல்ட் மீட்டரைப் பார்த்து மீதியை ஊகிக்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும், ஏனெனில் பெரும்பகுதி நேரமும் அது 13.2ஐ ஒட்டியே நிற்கும். உள்ளே போகும், வெளியே வரும் ஆம்பியரை அளக்கும் ஷன்ட் பொருத்திய மானிட்டர் இல்லாவிட்டால் நிலை தெரியாது. ஏஜிஎம் தீரும்போது விளக்கு மங்கி முன்னறிவிப்புத் தரும்; லித்தியத்தில் உள்ளிருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் சுற்று ஒரே நொடியில் துண்டித்துவிடும். எனக்கு இது ஒரு முறை நடுநிசியில் நடந்தது. ஹீட்டர் விசிறியின் முனகல் திடீரென நின்ற அமைதியில்தான் எழுந்தேன்.

குளிர் வேறொரு தொல்லை. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே இந்த வகை லித்தியத்தைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும் என்பதால், நல்ல பிஎம்எஸ் சார்ஜை மறுத்துவிடும். விக்டோரியாவின் மலைப்பகுதி ஊரான ஓமியோ அருகே ஆற்றங்கரையில் ஒரு ஜூலை காலை, வெயில் பளிச்சென்று அடிக்க, பேனல் மின்சாரத்தைத் தர, பேட்டரி பத்து மணி வரை ஒரு ஆம்பியரைக்கூட வாங்க மறுத்தது. இதில் ஒரு முரண்பாடும் உண்டு. இங்கே 2022இல் வெளிவந்த ஏஎஸ்/என்இசட்எஸ் 3001.2 என்ற ஆஸ்திரேலிய-நியூசிலாந்துத் தரவிதி, கேரவனில் மனிதர் தங்கும் பகுதிக்குள் லித்தியம் பேட்டரி இருக்கக் கூடாது, இருந்தால் அந்தப் பகுதியிலிருந்து முழுமையாக அடைக்கப்பட்டு வெளிப்புறம் காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்புக்கு அது சரிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கட்டிலுக்கடியில் ஹீட்டரின் கதகதப்பில் இருந்த பேட்டரி இதனால் முன்பக்கப் பெட்டிக்குப் போகிறது. குளிர்காலத்தில் உறைபனிக்கும், கோடையில் நாற்பது டிகிரி வெயிலுக்கும் அதுதான் முதலில் ஆளாகிறது. மலைப்பக்கம் போகிறவர்கள் உள்ளேயே வெப்பமூட்டி வைத்த பேட்டரியை வாங்குவது நல்லது. 240 வோல்ட் இன்வெர்ட்டரை நிலையாகப் பொருத்தும் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துச் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, ஏஜிஎம் பாதியளவுக்கு இறக்கினால் ஐந்நூறு தடவை போல வரும், லித்தியம் ஆழமாக இறக்கினாலும் இரண்டாயிரத்தைத் தாண்டும் என்பதால், தடவைக்கு எவ்வளவு என்று வகுத்தால் லித்தியமே மலிவு. ஆனால் அந்த வகுத்தல் கணக்கு, இரண்டாயிரம் இரவு வெளியே தங்குகிறவர்களுக்கு உரியது. வேலையும் பள்ளிக்கூடமும் உள்ள குடும்பம் வருடத்துக்கு இருபது இரவு போனாலே பெரிது; அதற்கு லித்தியத்தின் ஆயுள் தீருவதற்குள் கேரவனே துருப்பிடித்துப் போயிருக்கும்.

ஃபிரிட்ஜ் எதில் ஓடுகிறது, மின் இணைப்பில்லாத இடத்தில் வருடத்துக்கு எத்தனை இரவு தங்குவார் என்பவைதாம் நண்பரிடம் நான் தொலைபேசியில் கேட்காமல் விட்ட கேள்விகள். மறுபடி அழைத்துக் கேட்டேன். அவருடைய கேரவனில் பழைய கேஸ் ஃபிரிட்ஜ் அப்படியே இருக்கிறது, அதை மாற்றும் எண்ணமும் இல்லை. கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மின் இணைப்புள்ள கேரவன் பார்க்கில்தான் தங்கப் போகிறார். இணைப்பில்லாத இடத்தில் வருடத்துக்கு ஓரிரு இரவு. விளக்கு, பம்பு, கைப்பேசி என்று பார்த்தால் நாளுக்கு 15 ஏஎச் தாண்டாது. அவருக்கு இப்போதைக்கு ஏஜிஎம் போதும் என்று சொன்னேன். வீட்டில் நிறுத்தியிருக்கும் நாள்களில் சார்ஜரைக் கழற்றாமல் விடும்படியும், மிச்சமாகும் பணத்தில் வெயில் இருக்கும் பக்கம் நகர்த்தி வைக்கிற மடக்குப் பேனல் ஒன்றை வாங்கும்படியும் சொன்னேன். "அப்ப நீங்க மட்டும் ஏன் லித்தியம் வெச்சிருக்கீங்க?" என்று சிரித்தார். நான் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜை வைத்தவன், பார்க்குக்குப் போகாதவன், அதிலும் சோம்பேறி.

பின்குறிப்பாக ஒன்று. லித்தியத்துக்கு மாறுவதற்கு முந்தைய வருடம், செத்ததற்குப் பதிலாக வாங்கிய இரண்டாவது ஏஜிஎம் இன்னும் என் கராஜில் இருக்கிறது. சின்னச் சார்ஜர் ஒன்றில் எந்நேரமும் 13.6 வோல்ட்டில் தொங்கிக்கொண்டு, கரண்ட் போனால் எரிவதற்கென்று மாட்டிய விளக்குக்காகக் காத்திருக்கிறது. போன வாரம் சுமை கொடுத்துச் சோதித்தேன். புதிதாக வாங்கியபோது இருந்த அளவுக்கு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.